அண்ணன் கடைசியாகத் திருத்திய படகு ட்ரெயிலர்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஒரு வருடம் நிறைகிறது. அவரைப் பற்றி எழுத அவருடைய பிள்ளைகள் இருக்கிறார்கள், படித்த உறவினர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் அண்ணி என்னைத்தான் எழுதச் சொன்னார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் பேசவும் வராது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் எல்லோருக்கும் நான் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அதை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அதனால் அண்ணன் பிறந்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

அண்ணன் உக்குவளைக்கு மேலே தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். மிளகு பறிக்க ஏறிய அப்பா விழுந்து படுக்கையானபோது அண்ணனுக்குப் பதினான்கு வயது. அன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டு, டவுனில் ஒரு கராஜில் சேர்ந்தார். அக்காவின் கல்யாணம், அம்மாவின் வைத்தியம் எல்லாம் அந்தக் கையால்தான் நடந்தன. என்னையும் படிக்க வைக்கப் பார்த்தார். ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே பெயர் கூப்பிட்டால் எனக்குப் பதில் சொல்லக் குரல் வராது. வகுப்பில் உட்கார்ந்திருந்தும் ஒரு வாரம் வராதவன் என்றே குறித்தார்கள். அண்ணன் அடிக்கவில்லை. "சரி, என்கூட வா. நட்டும் போல்ட்டும் ஒன்னய பேர் சொல்லிக் கூப்புடாது" என்று கராஜுக்குக் கூட்டிப் போனார்.

வேலையில் அண்ணனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போனால்கூட, அந்த இடத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுத்தான் போவார். துணி இருக்கும் வண்டியை யாரும் எடுக்கக் கூடாது. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். முதலாளிக்கும் அதே சட்டம்தான். ஒருநாள் அண்ணன் பசியோடு வீட்டுக்கு வந்து சோற்றுப் பானையைத் திறக்கப் போனபோது அதில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. "இன்னும் வேகல பாஸ், கைய வைக்காதீங்க" என்றார் அண்ணி, கராஜில் அண்ணனைக் கூப்பிடுவது போலவே. அண்ணன் சிரித்துக்கொண்டே வெளியே போய் உட்கார்ந்தார்.

பியதாச அந்தக் கராஜில் அண்ணனோடு பல வருடம் வேலை செய்தவர். பிறகு தன் ஊரான பல்லேகமவுக்குத் திரும்பி, அங்குள்ள நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கிறார். சீகிரியாப் பக்கம் ஒரு ஹோட்டலின் பின்னால் கொடி படர்ந்து கிடந்த பழைய படகு ட்ரெயிலரை அவர் கேட்டு வாங்கி, லொறியில் ஏற்றி அண்ணனிடம் கொண்டுவந்து இறக்கினார். "பாஸ், இது ஓடுமா?" என்று கேட்டார். அண்ணன் அதைச் சுற்றி வந்து, ஒரு காலால் தட்டினார். துரு கொட்டியது. "ஓடும்" என்றார். அப்போது அண்ணன் கராஜை விட்டு வீட்டில் இருந்தார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணன் வாழ்நாளில் படகில் ஏறியதில்லை. மகாவலியில் குளிக்கப் போனாலும் முழங்காலுக்கு மேல் இறங்க மாட்டார். அந்த ட்ரெயிலரோடு மட்டும் ஏன் அப்படிப் பாடுபட்டார்? "வீட்டுக் கொழாயில தண்ணி வரல்ல, முத்தத்துல படகு வண்டி நிக்குது" என்று அண்ணி தினமும் சொல்வார். "தண்ணி வந்தா நீதானே மொதல்ல ஏறுவ" என்பார் அண்ணன்.

இருவரும் கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்தோம். துருவில் உக்கிப்போன குறுக்குச் சட்டத்தை அண்ணன் வெட்டி எடுத்து வேறொன்றை வெல்டிங் செய்தார். படகின் அடிப்பகுதி உருண்டு ஏற ரப்பர் உருளைகள் போட்டார். பின் விளக்குகளுக்குப் புது வயர் இழுத்தார். பிக்கப்பின் கொக்கி கழன்றாலும் ட்ரெயிலர் ஓடிவிடாமல் இருக்க இரண்டு சங்கிலி மாட்டினார். சக்கரங்களுக்குத்தான் அதிக நாள் எடுத்தார். பெயாரிங்கைக் கையில் வைத்துச் சுற்றிக் காதில் வைப்பார். "இது தண்ணிக்குள்ள எறங்குற வண்டிடா. காரு மாதிரி இல்ல. ஈரம் உள்ள போனா பெயாரிங் செத்துரும். மலையில எறங்குறப்போ சக்கரம் தனியா போவும், படகு தனியா போவும்" என்றார். சக்கரத்தைப் பிடித்திருக்கும் நட்டு கழலாமல் இருக்க, அதன் குறுக்கே இரண்டு கால் உள்ள ஒரு சின்னப் பின்னைச் செருகி, அந்தக் கால்களை மடக்கிவிட வேண்டும். அதற்கு மேல் கிரீஸ் மூடி. மூடி போட்டுவிட்டால் உள்ளே பின் இருக்கிறதா இல்லையா என்று வெளியே தெரியாது.

வேலை முடியும் தறுவாயில் ஒருநாள் நான் கடைக்குப் போய் வருவதற்குள் அண்ணனுக்கு நெஞ்சு எரிந்தது. பக்கத்து வீட்டுத் தம்பியின் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர்கள் முடிந்ததெல்லாம் செய்தார்கள். மாலையில் அண்ணன் போய்விட்டார். பியதாச பல்லேகமவிலிருந்து வந்து சவத்தைத் தூக்கிய நால்வரில் ஒருவராக நின்றார்.

கருமாதி முடிந்து அண்ணனின் சாமான்களை ஒதுக்கும்போது, வேலை மேசையில் ஒரு தேத்தண்ணீர்ச் சோசருக்குள் ஒரே ஒரு பின் இருந்தது. புதியது. கால் மடங்காதது. எனக்கு அன்றிலிருந்து நிம்மதி இல்லை. மிச்சமாக வாங்கியதா? போடாமல் விட்டதா? இரண்டு சக்கரத்துக்கும் மூடி போட்டிருந்தது. அண்ணன் மூடி போட்ட சக்கரத்தைத் திறந்து பார்ப்பது அண்ணனைச் சந்தேகிப்பது போலிருந்தது. இறந்தவரின் குறையைப் பேசாத வீட்டில் இதை யாரிடம் கேட்பது? பின்னைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எடுத்துப் பார்ப்பேன், திரும்பப் போடுவேன்.

ட்ரெயிலரை எடுத்துப் போகப் பியதாச பிக்கப்போடு வந்தார். அண்ணியின் தம்பி, எனக்கு மச்சான் முறை, துணைக்குப் போவதற்காக முன் ஆசனத்தில் ஏறிக்கொண்டார். கொக்கி மாட்டியாயிற்று, சங்கிலியும் மாட்டியாயிற்று. அண்ணி சூடம் காட்டி, இரண்டு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். பல்லேகமவுக்குப் போகிற ரத்தோட்டைப் பக்கத்து மலைப்பாதை என் கண்ணுக்குள் வந்தது. நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. போய் இடது சக்கரத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன தம்பி, வண்டிக்குக் குறுக்க சத்தியாகிரகமா?" என்றார் மச்சான்.

நான் பின்னை எடுத்துக் காட்டினேன். பியதாச என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். பிக்கப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி ஜாக்கி போட்டோம். மூடி கையால் இழுத்ததும் வந்தது. உள்ளே பின் இல்லை. நட்டு என் விரலுக்கே சுழன்றது. அண்ணன் செய்த வேலையில் அப்படி ஒரு நட்டை நான் பார்த்ததே இல்லை.

"அய்யோ, பாஸுக்கு மறந்து போச்சா?" என்றார் பியதாச.

"நோய் உள்ளுக்குள்ள இருந்திருக்கு. மனுசனுக்கு நெனப்பு தடுமாறிப் போச்சு, பாவம்" என்றார் மச்சான்.

அண்ணி உள்ளே போனார். நான் அண்ணன் சொல்லிக் கொடுத்த மாதிரி நட்டை இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, பின்னைச் செருகிக் கால்களை மடக்கினேன். வலது சக்கரத்தையும் திறந்தோம். அதில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. எலுமிச்சம்பழம் நசுங்க ட்ரெயிலர் போயிற்று.

மச்சான் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் பேச்சு பரவியது. உக்குவளைக் கடையில் ஒருவர், "ஒங்க அண்ணன் பின்னு போட மறந்துட்டாராமே, சக்கரம் கழண்டிருந்தா என்னாகும்?" என்று கேட்டார். நாற்பது வருடம் வேலை செய்த மனிதருக்கு, கடைசியில் அந்த ஒரு பேச்சுத்தான் நின்றது. எனக்கும் மனதுக்குள் கோபம் வந்தது. அண்ணன் மேலேயே கோபம். எப்படி மறந்தீங்க அண்ணே என்று அவருடைய படத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறேன்.

சில வாரம் கழித்து, மடித்து வைத்திருந்த என் வெள்ளைச் சட்டையைத் துவைக்க எடுத்த என் மனைவி, "இது என்னங்க, பையில இருந்துச்சு" என்று ஒரு துணியை நீட்டினார். சிவப்புத் துணி. கிரீஸ் வாசம் இன்னும் இருந்தது.

சாவு வீட்டில் போட்டிருந்த சட்டை அது. அண்ணன் போன மறுநாள் காலை முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளைக் கொடி கட்ட வந்த ஒரு பெரியவர், "இந்தச் செவப்புத் துணிய எடுத்துருப்பா, சாவு வீட்டுக்கு ஆகாது" என்றார். ட்ரெயிலரின் இடது சக்கரத்தில் கட்டியிருந்ததை நான்தான் அவிழ்த்துப் பையில் போட்டேன். அந்தத் துணிக்கு என்ன அர்த்தம் என்று சின்ன வயதிலிருந்து தெரிந்தவன் நான். அன்று அது வெறும் துணியாகத்தான் தெரிந்தது. அவிழ்த்ததும் மறந்து போனது. கையில் பின்னை வைத்துக்கொண்டு அத்தனை நாள் யோசித்தும் துணி ஏன் நினைவுக்கு வரவில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அண்ணியிடம் போய்த் துணியைக் கொடுத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. வெகுநேரம் அதைக் கையில் வைத்திருந்தார். "எல்லார்கிட்டயும் சொல்லுங்க தம்பி" என்றார். நான் தலையைக் குனிந்தேன். "வாயால முடியாட்டி எழுதிக் குடுங்க. நினைவு மலர்ல போடுவம்" என்றார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன தம்பிக்கும், பார்த்த டாக்டர், தாதிமாருக்கும், சாவு வீட்டுக்குச் சோறு சமைத்து அனுப்பிய அயலவர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், கிரியைகளை நடத்திய ஐயருக்கும், தூரத்திலிருந்து வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பியதாசவுக்குத் தனியாக நன்றி. ட்ரெயிலர் நன்றாக ஓடுகிறது என்று போன் செய்தார். துணியைப் பற்றி அவருக்கு மட்டும் எப்படியோ வாயால் சொல்லிவிட்டேன். துணியை எடுக்கச் சொன்ன பெரியவர் மேல் எந்தக் குறையும் இல்லை. அவர் முறையைத்தான் சொன்னார். அவிழ்த்தது என் கை.

அண்ணன் பின்னை மறக்கவில்லை. தூசி படாமல் மூடியைச் சும்மா வைத்து, வேலை முடியவில்லை என்று அடையாளம் கட்டிவிட்டுத்தான் போனார். அவர் மறந்துவிட்டார் என்று யாரிடமாவது சொல்லியிருந்தால், தயவுசெய்து அவர்களிடம் இதையும் சொல்லிவிடுங்கள்.

தம்பி