பதினான்காம் எண் குழாய்

1997ஆம் ஆண்டு, மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டிய பருவத்தில் அவரை முதன்முதலாகச் சந்தித்தேன். காசநோய் ஆய்வகமொன்றில் அறிக்கைகளைப் பிழைதிருத்தும் பணியில் நான் சேர்ந்திருந்தேன். அவர் இரத்தம் எடுத்துச் செல்களை வளர்ப்பவர். வியாழன்தோறும் ஊசியோடு வருவதால் அலுவலகமே அவரைக் கொசு என்று அழைத்தது.

காசநோய்க் கிருமி என்றுமே தீண்டாதவர்களின் இரத்தம் அவருக்குத் தேவைப்பட்டது. சோதனையில் தேறிய எனக்குக் கொடையாளர் வரிசையில் பதினான்காம் எண் வாய்த்தது.

"கிருமியை முழுங்குற செல்லுதான் காவல்காரன் அக்கா. ஆனா இந்தக் கிருமி அவன் வயித்துக்குள்ளயே குடித்தனம் நடத்தும். டி செல்லுன்னு இன்னொரு வகை வெள்ளையணு வந்து உசுப்பேத்தினாத்தான் அவன் அதைச் செரிப்பான்."

"உசுப்பேத்தலைன்னா?"

"என் மச்சான் மாதிரிதான். வந்தவன் கிளம்பவே மாட்டான்."

ஒரு வியாழக்கிழமை காய்ச்சலால் நான் வரவில்லை. சோதனை நின்றுவிடக் கூடாதென்று அவர் தம் இரத்தத்தையே எடுத்து, குழாயில் பதினான்கு என்று எழுதிவிட்டார். பணியாளர் தம் இரத்தத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி.

அடுத்த வாரம் முடிவு வந்தது. கிருமியை முன்பின் அறியாத டி செல்கள் மெல்லத்தான் விழித்தெழும். அக்குழாயில் இருந்தவையோ பழைய பகைவனைக் கண்டாற்போல் உடனே சீறியிருந்தன. குருதிக்கு உரியவரின் உடலில் கிருமி முன்பே புகுந்து உறங்குகிறது என்பதே அதன் பொருள். எண் என்னுடையது என்பதால் தலைமை மருத்துவர் என்னை அழைத்து மாத்திரைச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

உண்மையைச் சொன்னால், விதியை மீறியவர் என்று, உயிருள்ள கிருமிகளைக் கையாளும் அறைக்குள் அவரை மீண்டும் விடமாட்டார்கள். அந்த அறையோ அவருக்கு உயிர். மாலையில் என் மேசையருகே வந்து நின்றார்.

"மாத்திரையைப் போட்டுடாதீங்கக்கா. அது என் ரத்தம்."

"பெரிய டாக்டர்கிட்ட சொல்லிட்டியா தம்பி?"

"சொல்லிட்டுத்தான் வர்றேன். காதுல ரத்தம் வராத குறைதான். வந்திருந்தா அதையும் குழாயில பிடிச்சிருப்பேன்."

அவருடைய நுரையீரல் படம் தெளிவாக இருந்தது. ஒன்பது மாதம் தவறாமல் மாத்திரை உண்டார். அறை மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. இரத்தம் எடுப்பதோடு அவர் பணி நின்றது. நாள்தோறும் அக்கதவின் சிறு கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் புறப்படுவார்.

அவர் என்னிடம் கடைசியாக ஒன்றைக் கேட்டது, நான் ஓய்வுபெற்ற நாளில். கையில் ஒரு கண்ணாடித் தகடு. சாயமேற்றிய அந்தப் பழைய குழாயின் செல்கள் உயிரற்று அதில் பதிந்திருந்தன, ஓரத்தில் பதினான்கு என்ற எண்.

"பிழை திருத்துறது உங்க வேலைதானேக்கா? இதையும் திருத்திக் குடுங்க. என் செல்லுங்க போட்ட சண்டை உங்க பேர்ல இருக்கு."

"உனக்குத்தான் நம்பரே இல்லையே. என்ன எழுத?"

"கொசுன்னே எழுதுங்க."