பேயாண்டி புகை போடாத தெரு

அவனியாபுரத்தில் பேயாண்டி வருகிற சேதியை அவருக்கு முன்னால் அவர் தோளில் தொங்கும் கொசுப்புகை மெஷின் சொல்லிவிடும். அது உறுமினால் போதும், வீட்டுப்பாடத்தைப் போட்டது போட்டபடி விட்டுப் பிள்ளைகள் பின்னால் ஓடிவருவார்கள். "உள்ள போங்கடா, மருந்துடா!" என்று கத்துவார். அது அவர்களுக்கு இன்னும் கொண்டாட்டம். உள்ளுக்குள் அவருக்கும்தான். எந்த எம்.எல்.ஏ. பின்னாலும் இப்படிப் பிரியாணி வாங்காமல் கூட்டம் ஓடியதில்லை என்று பீற்றிக்கொள்வார்.

முன்னெல்லாம் ஐப்பசி, கார்த்திகையில்தான் இந்த வேலை. இப்போது பருவத்துக்கே புத்தி பேதலித்துவிட்டது. சித்திரையில் மழை கொட்டுகிறது, மார்கழியில் வியர்க்கிறது. கொசுவுக்கு லீவு இல்லை. அதனால் பேயாண்டிக்கும் இல்லை.

ஆறு வயது மகள் பவதாரிணிக்கு இளைப்பு வந்தது. மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் விசில் அடித்தது. "வெயிலு, ஈரம், புழுதின்னு மாறி மாறி அடிக்குது. இந்த வருசம் இப்படி நிறையப் பிள்ளைங்க வருது" என்ற டாக்டர், "வீட்டுல யாரும் சிகரெட் குடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"பீடியக்கூடத் தொட்டதில்ல சார்" என்று பேயாண்டி நெஞ்சை நிமிர்த்தினார்.

"அவரு குடிக்க மாட்டாரு சார். ஊருக்கே குடுப்பாரு" என்றாள் மனைவி தாமரைச்செல்வி.

அன்றிலிருந்து தன் தெருவில் மட்டும் அவர் புகை போடவில்லை. பதிலுக்கு வீடு வீடாக நுழைந்து, தண்ணீர் தேங்கிய டயர், சிரட்டை, பெயிண்ட் டப்பா எல்லாவற்றையும் கவிழ்த்தார். பட்டறைக்காரன் சோணை, "என்னண்ணே, நம்ம தெரு மருந்த வித்துத் தின்னுட்டீகளா?" என்று கேட்டான்.

"ஆமாடா, இட்லிக்குத் தொட்டுக்கிட்டேன்."

போன மாதம் பக்கத்துத் தெருவில், பெட்ரோல் தீர்ந்து மெஷின் அடங்கியது. பின்னால் வந்த பிள்ளைகளின் சிரிப்புக்கு நடுவே அதே விசில் கேட்டது. பேயாண்டி, மகளோ என்று பதறித் திரும்பினார். பவதாரிணி இல்லை. அவள் உயரத்தில் வேறொரு பிள்ளை, முழங்காலைப் பிடித்துக் குனிந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். தன் மகளைக் காப்பாற்றிவிட்ட கெட்டிக்காரத்தனம் அவருக்கு அந்த இடத்திலேயே அசிங்கமாகிப்போயிற்று.

தாய்க்காரி ஓடிவந்து பிள்ளையை அள்ளினாள். "ரெண்டு மாசமா இப்படித்தாண்ணே இழுக்குது. இந்த மழை சேரல. கொசுக்கடி வேற. எங்க வீட்டுப் பக்கம் மட்டும் இன்னொருக்க நல்லா அடிச்சு விடுங்க."

பேயாண்டி மெஷினைத் தரையில் இறக்கி வைத்தார்.

"மொதல்ல புள்ளைய ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு தாயி" என்றார். "ஒங்க வீட்ல பழைய டயர் எங்க கெடக்கு?"