ஆரணி–வேலூர் பஸ்ஸும் கழுவியும் போகாத சிவப்பும்

ரத்த நோய் டாக்டரைப் பார்க்க எப்படிப் போவது என்று போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். அஞ்சாவது வரைதான் படித்தவள் நான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் போனது 1982, ஆடி மாதம். என் வீட்டுக்காரருக்கு ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் வேலை. கை எப்போதும் சிவப்பு. கல்யாணத்தன்றே என் அண்ணி, "மருதாணி யாருக்குடி வெச்சீங்க, பொண்ணுக்கா மாப்ளைக்கா?" என்று சிரித்தாள். அதனால்தான் முழங்கைக்கு மேலே சிவப்புப் புள்ளிகள் வந்தபோது சாயம் தெறித்தது என்றே நினைத்தேன். ஒன்றரை மாதம் புளி போட்டுத் தேய்த்தேன். ஈறில் வந்த ரத்தம் நிற்காமல் போன பிறகுதான் ஊர் டாக்டரிடம் ஓடினோம். "இதுக்குன்னு படிச்சவங்க இங்கயும் இல்ல, போளூர்லயும் இல்ல. ஜல்தியா வேலூர் போங்க" என்றார்.

காலை ஆறரை பஸ். கண்ணமங்கலம் வழியாக நாற்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், ஆளுக்கு மூன்று ரூபாய். கண்டக்டர் இவர் கையைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, சீட்டுல சாயம் ஒட்டிக்கப் போவுது, கைய மடியில வச்சிகினு உக்காரு" என்றார்.

"அட, காஞ்ச சாயம்பா. என் பொண்டாட்டி தேச்சே போவல" என்றார் இவர்.

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

எட்டு மணிக்கு இறங்கி ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கினோம். உள்ளே கூப்பிடும்போது பதினொன்றரை. ரத்த டாக்டர் ஒரு அம்மா. நான் முந்திக்கொண்டு, "அது சாயங்க" என்றேன். அவர் பஞ்சால் துடைத்துப் பார்த்தார். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்து, என்னையும் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார். மேலண்ணத்திலும் அதே புள்ளிகள்.

"சாயம் இங்கயும் ஏறுமாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

இடுப்பு எலும்பில் ஊசி போட்டு உள்ளிருந்து கொஞ்சம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடம் வற்றிவிட்டதாம். "முன்னாடியே கூட்டிகினு வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"இப்ப வந்துட்டீங்க இல்ல" என்று மட்டும் சொன்னார்.

ரத்தம் ஏற்றிக்கொள்ள எட்டு மாதம் அதே பஸ்ஸில் போய் வந்தோம். ஜன்னல் ஓரம் எனக்கு, கண்ணமங்கலத்தில் ஏறும் வேர்க்கடலை அவருக்கு. கல்யாணமாகி நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போனது அந்த எட்டு மாதம்தான்.

போகிறவர்கள், ரத்த டாக்டர் எந்தெந்தக் கிழமை இருப்பார் என்று முதலில் விசாரியுங்கள். ரத்தம் கொடுக்கக்கூடிய ஒரு ஆளோடு போங்கள். சாயத் தொழில் செய்கிறவர்கள் வீட்டில் கையை மட்டும் பார்த்துவிட்டு இருந்துவிடாதீர்கள். வாயையும் திறந்து பாருங்கள்.

கடைசியில் மாதக்கணக்காக வேலைக்குப் போகாததால் அவர் கைச் சாயமெல்லாம் போய்விட்டிருந்தது. எடுப்பதற்கு முன்னால் அவரைக் குளிப்பாட்டியபோதுதான் அந்தக் கையின் சொந்த நிறத்தைப் பார்த்தேன். புள்ளிகள் மட்டும் இருந்தன. நான் தேய்க்கவில்லை.