நாளுக்கொரு சொல், சொல்லுக்கு மூன்று பேர்

ஹோட்டல் வரவேற்பு மேசை வேலை என்பது, யாரோ செய்த பிழைக்கு நாங்கள் நாள் முழுக்கச் சிரித்தபடி மன்னிப்புக் கேட்பது. அதையும் இங்கிலிஷில் கேட்க வேண்டும்.

நிலாவெளிக் கடற்கரையில் இருக்கும் எங்கள் ஹோட்டலில் நான் நாலு வருடம் துணி அறையில் நின்றேன். துவாய் மடிப்பது, விரிப்பு மாற்றுவது, கறை எடுப்பது. வரவேற்பு மேசையில் இருந்த பிள்ளை கலியாணம் கட்டிப் போனதும் அந்த இடத்தை எனக்குத் தாருங்கள் என்று போய்க் கேட்டேன். மனேஜர் டேவிட் சேர் கொழும்புக்காரர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஆறு மாதம் தவணை தந்தார். "ஆறு மாசத்தில உம்மட இங்கிலிஷ் சரிவந்தா நிரந்தரக் கடிதம். இல்லையெண்டா திரும்பத் துவாய்தான், யோகராணி," என்றார். அவர் சொன்ன விதத்தைப் பார்த்தால் எனக்கான துவாயை அப்போதே எடுத்து வைத்துவிட்டார் போல இருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்றைக்கே துணி அறை அலுமாரியைக் கிண்டினேன். விருந்தினர் அறையில் விட்டுப்போய், பிறகு ஒருவரும் கேட்டு வராத சாமான்கள் அதில் கிடக்கும். மூக்குக் கண்ணாடிகள், ஒற்றைச் செருப்பு, அவற்றுக்குக் கீழே அட்டை கிழிந்த ஒரு புத்தகம். புத்தகம் முழுக்கக் கடினமான இங்கிலிஷ் சொற்கள், பக்கத்தில் விளக்கம். அதை எடுத்தேன். எழுத ஒரு கொப்பி வாங்கினேன். எனக்கு நானே சட்டமும் போட்டேன். நாளுக்கு ஒரு சொல். அதன் விளக்கத்தை என் தமிழில் எழுத வேண்டும். வேலை முடிந்து எங்கள் ஊர் சல்லிக்குப் போகும் பஸ்ஸில் ஏற முன் மூன்று பேரிடம் அந்தச் சொல்லைப் பாவித்துவிட வேண்டும். மூன்று பேர் சேராவிட்டால் சொல் எனக்குச் சொந்தமில்லை. மறுநாளும் அதையே தூக்கிக்கொண்டு திரிய வேண்டும்.

முன்மேசையில் நிற்கும் என் இனத்தவர்களே, பல்லைக் கடித்துக்கொண்டே சிரிக்கப் பழகியவர்களே, அந்தக் கொப்பியிலிருந்து சில பக்கங்கள் உங்களுக்காக.

கம்பர்சம்: தூக்கவும் நகர்த்தவும் சிரமம் தருகிற

இரண்டாம் கிழமை. வான் வண்டியிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாவும் அவருடைய கணவரும் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் எட்டுப் பெட்டிகளும் ஒரு மடக்குக் கதிரையும் ஆளுயரக் குடை ஒன்றும் இறங்கின. எங்கள் பொதிகளைத் தூக்கும் நஸீர் நானா கிண்ணியாக்காரர். முன்பு துறைமுகத்தில் மா மூட்டை சுமந்தவர். அவரே அதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். எனக்கோ அன்றைய சொல்லுக்கு இன்னும் ஓர் ஆள் தேவை. "நிலாவெளிக்கு நல்வரவு, மேடம். உங்கள் பொதிகள் மிகவும் கம்பர்சம்," என்று இங்கிலிஷில் சொன்னேன், பல் முழுக்கத் தெரிய.

அம்மாவின் முகம் சிவந்துபோனது. சொல்லில் பிழை இல்லை, விளக்கத்திலும் பிழை இல்லை. களைத்து வந்து இறங்கும் ஆளிடம் வாசலில் வைத்துச் சொல்லும் சொல் அது இல்லை என்பதைத்தான் புத்தகம் எனக்குச் சொல்லித் தரவில்லை. மனேஜரின் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்க முன்னம் அந்தக் கணவர் மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினார். பிறகு கண்ணைத் துடைத்து, என் பெயர் அட்டையை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுச் சொன்னார்: "யோகராணி, முப்பது வருசமாக இதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை."

கொண்டிசெண்டிங்: தான் மேலே நின்றுகொண்டு, இரக்கப்பட்டுக் கீழே இறங்கிக் கதைக்கிற

கனடாவிலிருந்து ஓர் அன்ரி வந்தார். பிறந்தது திருகோணமலையில்தான், கோணேசர் கோயிலில் நேர்த்திக்கடன் ஒன்று முடிக்க வந்தவர். நான் தமிழில் வணக்கம் சொன்னேன். அவர் இங்கிலிஷில் பதில் சொன்னார், குழந்தைக்குச் சோறு தீத்துவதுபோல ஒவ்வொரு சொல்லாக. நான் இங்கிலிஷுக்கு மாறினேன். உடனே அவர் தமிழுக்கு வந்துவிட்டார். "உமக்கு நான் கதைக்கிறது விளங்குதோ? இன்னும் ஸ்லோவாக் கதைக்கட்டே பிள்ளை?" என்றார். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். சொன்னேன். "அங்க இங்கிலிஷ் படிப்பிக்க ஆக்கள் இருந்தவையோ?" என்று அடுத்த கேள்வி.

"ஒரு வருசம் ஒரு டீச்சர் இருந்தவா அன்ரி. பிறகு மாற்றம் எடுத்துப் போயிட்டா," என்றேன். அது உண்மை. உண்மையைச் சொன்ன பிறகும் ஏன் எனக்குத்தான் வெட்கம் வர வேண்டும் என்று நினைத்ததும் வெட்கம் போய்க் கோபம் வந்தது. அன்றைய சொல்லைக் காலையில் நஸீர் நானாவிடம் விளக்கத்தோடு பாவித்திருந்தேன். மத்தியானம் குசினியில் சமையல்காரர் ஒருவரிடம். மூன்றாவது ஆள் என் முன்னாலேயே, கறுப்புக் கண்ணாடியோடு நின்றுகொண்டிருந்தார். சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. அன்ரியின் பெட்டியைத் தூக்க வந்த நஸீர் நானா என் முகத்தைப் பார்த்தார், அன்ரியைப் பார்த்தார், குனிந்தபடி மெல்லச் சொன்னார்: "தங்கச்சி, அந்தச் சொல்ல இண்டைக்கு உட்டுடு, அவ இன்னும் மூணு நாளைக்கு இஞ்சதான் இரிக்கா."

ஒப்ஸ்டினேட்: என்ன சொன்னாலும் தன் எண்ணத்தை மாற்றாத

பொதிக் கதை மனேஜரின் காதில் இருந்து இறங்கவே இல்லை. ஒரு நாள் காலையில் என் மேசையில் ஒரு தாள் இருந்தது, பிளாஸ்டிக் உறை போட்டு. இருபது இங்கிலிஷ் வசனங்கள். இவற்றைத் தவிர வேறொன்றும் விருந்தினரோடு கதைக்கக் கூடாது என்று உத்தரவு. வாடைக் காற்று வீசி, கடல் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஓர் இளம் சோடி வந்து, புறாமலைத் தீவுக்குப் படகு போகுமா என்று கேட்டது. இருபது வசனங்களையும் மேலிருந்து கீழே பார்த்தேன். கடல் சரியில்லை என்று சொல்ல ஒரு வசனம் கிடையாது. 'உங்கள் நாள் இனிதாக அமையட்டும்' மட்டும் இருந்தது. அதைச் சொல்லி அவர்களை அலைக்குள் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காற்றையும் கடலையும் எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் விளக்கினேன். அவர்கள் தலையாட்டிக் கேட்டுவிட்டுக் கன்னியா வெந்நீர்க் கிணறு பார்க்கப் போனார்கள்.

கவிழ்ந்து கிடந்த தாளை மனேஜர் கண்டார். "யூ ஆர் ஒப்ஸ்டினேட்!" என்று கத்தினார். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல ஏலாது. அது என் நாற்பத்தோராம் நாள் சொல். மூன்றாவது ஆள் கிடைக்காமல் இரண்டு நாளாக இழுபட்டுக்கொண்டிருந்தது. மற்றவர் என்னிடம் பாவித்தாலும் சேரும் என்று அந்த நிமிடமே சட்டத்தைத் திருத்தினேன். மேசைக்குக் கீழே இருந்த கொப்பியை எடுத்து, பக்கத்தைத் திறந்து, "இஞ்ச பாருங்கோ சேர், இருக்குது," என்று காட்டினேன். அவர் வாசித்தார். கொப்பியைத் திருப்பித் தந்தார். "யோகராணி, நான் உம்மைப் பாராட்டேல்ல," என்றார்.

என்டைட்டில்ட்: கொடு என்று கேட்க உரித்துள்ள

கடல் தணிந்து, கரையில் நின்று கயிறு இழுத்து மீன்பிடிக்கும் கரைவலை தொடங்கியிருந்தது. ஒரு நாள் காலை ஜெர்மன்காரர் ஒருவர் கடற்கரையிலிருந்து நேரே வரவேற்பு மேசைக்கு வந்தார். ஹோட்டலின் வெள்ளைத் துவாய்க்குள் ஏதோ கட்டியிருந்தது. பளிங்குத் தரை முழுக்கத் தண்ணீர் சொட்டியது. அவிழ்த்தால், உயிர் முழுதாகப் போகாத கீரி மீன். மனேஜர் துவாயைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். துவாயின் கதி என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் எனக்கு அந்த மனிதரின் கவலைதான் பெரிதாகப் பட்டது. "அவர்கள் ஏழைகள். நான் விளையாட்டாகக் கயிறு பிடித்தேன். இதை எனக்குத் தந்துவிட்டார்கள். நான் திருப்பிக் கொடுக்க வேண்டும், எப்படிச் சொல்வது?" என்று கேட்டார்.

"திருப்பிக் கொடுத்தால் அவமானம், சேர்," என்றேன். என் அப்பா சல்லியில் கரைவலைக் கயிறு இழுத்தவர். இந்த வழக்கம் எனக்குப் புத்தகத்தில் படித்து வந்ததில்லை. கயிற்றில் கை வைத்தவர், மீன் நிறைந்த வலையின் மடி மணலில் ஏறும் வரைக்கும் நின்று இழுத்தால் அவருக்கும் பங்கு உண்டு. சொந்தக்காரரா வழிப்போக்கரா என்று பார்ப்பதில்லை. வலைக்காரர் விரும்பினாலும் அந்தப் பங்கை மறுக்க ஏலாது. நடுவில் கையை விட்டவருக்கு மட்டும் ஒன்றும் இல்லை. "நீங்கள் நடுவில் விட்டீர்களா?" என்று கேட்டேன். அவர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தார். தோல் உரிந்திருந்தது. "அப்படியென்றால் இது பிச்சையும் இல்லை, பரிசும் இல்லை. யூ ஆர் என்டைட்டில்ட்," என்றேன். அவர் துவாயைத் திரும்ப முடிச்சுப் போட்டு, மனேஜரைத் தாண்டிக் குசினிப் பக்கம் நடந்தபடி சொன்னார்: "இது நான் இழுத்து வாங்கியது, பொரித்துத் தரச் சொல்லுங்கள்."

ரிலிங்குவிஷ்: தனக்கு உரியதைத் தானே விரும்பிக் கைவிடுதல்

ஆறு மாதம் முடிந்த அன்று மனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். அன்பாகக் கதிரையைக் காட்டினார். ஒரு கடிதத்தை நீட்டி, "சும்மா ஒரு முறைக்குத்தான். கீழ கையெழுத்து வையும்," என்று பேனையையும் தந்தார். எங்கள் ஹோட்டலில் இங்கிலிஷ் கடிதம் வந்தால் ஒருவரும் வாசிப்பதில்லை. பெருக்கல் குறிபோலப் புள்ளடி போட்ட இடத்தில் கையெழுத்து வைப்பார்கள். நானும் நாலு வருடம் அப்படித்தான் வைத்தேன். இந்த முறை வாசித்தேன். வரவேற்பு மேசை வேலையை நான் என் சொந்த விருப்பத்தில் ரிலிங்குவிஷ் பண்ணுகிறேனாம். போர்த்வித், அதாவது உடனடியாக, துணி அறைக்குப் போகிறேனாம். இரண்டு சொல்லும் என் கொப்பியில் இருந்தன.

"சேர், ரிலிங்குவிஷ் எண்டால் நானா விரும்பி விடுறது. நான் விடேல்ல. நீங்கள் எடுக்கிறதெண்டால் எடுக்கிறம் எண்டு எழுதுங்கோ," என்றேன். மேசைக்குக் கொழும்பிலிருந்து வேறு ஆள் வருவதாகச் சொன்னார். என் இங்கிலிஷில் என்ன பிழை என்று கேட்டேன். அவர் புள்ளடி போட்ட இடத்தைத் திரும்பவும் காட்டினார். பேனையால் அந்தச் சொல்லைக் குறுக்கே வெட்டினேன். கீழே இங்கிலிஷில் எழுதினேன்: 'நான் ரிலிங்குவிஷ் பண்ணவில்லை. ஆறு மாதமும் நின்றுவிட்டேன். நிரந்தரக் கடிதத்துக்கு நான் என்டைட்டில்ட்.' அதற்குக் கீழேதான் கையெழுத்து வைத்தேன். தலைமை அலுவலகத்தின் மின்னஞ்சல் முகவரி கடிதத்தின் அடியில் இருந்தது. போனில் படம் எடுத்து, அவர் பார்க்கப் பார்க்கவே அனுப்பினேன். மனேஜர் நெற்றியைத் தடவிக்கொண்டு, கோபத்தைவிட ஆச்சரியத்தோடு கேட்டார்: "இந்தக் கடிதத்தை ஆராவது வாசிப்பினமோ, யோகராணி?"

போர்த்வித்: சுணங்காமல், அந்தக் கணமே

அடுத்த நாள் காலை நான் துணி அறைக்குப் போகவில்லை. மேசைக்குப் பின்னால் வழமைபோல நின்றேன். மனேஜர் என்னோடு கதைக்காமல், என்னை அங்கே கூட்டிக்கொண்டு போகச் சொல்லி நஸீர் நானாவை அனுப்பினார். நானா என் பக்கத்தில் வந்து நின்றார். என்னைப் பார்த்தார். திரும்பி, மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னார்: "சேர், கயிறு புடிச்ச புள்ள அவ, மடி கரைக்கு வராம கைய உடமாட்டா."

அப்படியே நாலு நாள் நின்றேன். இரவில் நித்திரை இல்லை. இருந்ததும் போகுமோ என்ற பயம் வீட்டிலும் எல்லோருக்கும் இருந்தது. ஐந்தாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா போன் எடுத்தார். இங்கிலிஷில்தான் கதை. ஏன் சொல்லை வெட்டிவிட்டுக் கையெழுத்து வைத்தீர்கள் என்று கேட்டார். நான் படித்த கடினச் சொல்லெல்லாம் கைவசம் வைத்துக்கொண்டு ஒன்றையும் எடுக்கவில்லை. "நான் வேலையை விடவில்லை, மேடம். பிழை விட்டேன், திருத்தினேன். இங்கே தங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள்," என்றேன். மறுபக்கம் தாள் புரட்டுவது கேட்டது. பிறகு அந்த அம்மா தமிழுக்கு வந்தார்: "மிஸ் யோகராணி, நாங்க அனுப்புற கடிதத்தை வாசிச்சுப் பதில் எழுதின முதல் ஆள் நீங்கதான்."

இரண்டு கிழமை கழித்து நிரந்தரக் கடிதம் வந்தது. டேவிட் சேர் அதை என் கையில் தராமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார்; அந்த இருபது வசனத் தாளையும் தானே எடுத்துக்கொண்டு போனார். கடிதத்தை நான் நாலு தரம் வாசித்தேன், கொப்பியைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு. நாலே நாலு வரி, எல்லாம் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும் இங்கிலிஷ்.

கடினமான சொல் ஒன்றுகூட இல்லாத ஒரு கடிதத்தை வாங்க, முன்மேசைச் சனங்களே, நான் நூற்றைம்பது கடினமான சொற்களைப் படிக்க வேண்டியிருந்தது.