தாய்நாடு என்று எழுதக் கூடாது

பேராசிரியர் ரங்கநாயகி காலமான செய்தியை, பெங்களூரிலிருந்து அவர் மகன்தான் போனில் சொன்னார். “அம்மா தூக்கத்துலேயே போயிட்டா, ஆன்ட்டி.” இட்லி ஊற்றிக்கொண்டிருந்த நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

திருச்சியில் ஒரு கல்லூரியின் அரசியல் அறிவியல் துறையில் நாங்கள் இருவரும் ஒரே மேசையில் வேலை பார்த்தவர்கள். தன்னாட்சிப் பகுதிகள் பற்றிய பாடம் அவருடையது. ‘கிரீன்லாந்தின் தாய்நாடு டென்மார்க்’ என்று விடைத்தாளில் யாராவது எழுதியிருந்தால் பொறுக்கவே மாட்டார். “பெத்தாளா என்ன? ‘ஆளும் நாடு’ன்னு எழுதினா கை வலிக்குமா?” என்று அடித்துத் திருத்துவார். “பாவம், பணம் கொடுத்து நல்லாத்தானே பாத்துக்குது?” என்று நான் சீண்டுவேன். “பாத்துக்கறது வேற பானு, அவாளை ஒரு வார்த்தை கேட்டுக்கறது வேற” என்பார். துறையில் எல்லோருக்கும் இது மனப்பாடம்.

அவர் குடியிருந்த ஸ்ரீரங்கம் திருச்சி மாநகராட்சியில் சேர்ந்து எவ்வளவோ காலமாகிறது. அவரைப் பொறுத்தவரை அது செல்லாது. சாயங்காலம் ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, “ஊருக்குப் போயிட்டு வரேன்” என்பார். “பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டீங்களா?” என்று கேட்பேன். காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் தனியாக, தன் இஷ்டத்துக்கு வாழ்ந்தார். மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்குச் சாப்பிடுவார். அந்த வீட்டுக் காபிக்கு இப்போதும் மனம் ஏங்குகிறது.

ஓய்வுபெற்ற பிறகு வழுக்கி விழுந்தார். மகன் வந்து அழைத்துப் போனார். “ஒப்பந்தம் போட்டுட்டேன். பாதுகாப்பு, வெளியுறவு அவன் கையில. சமையல், தூக்கம், போன் என் கையில” என்று சிரித்தார். முதலில் சமையல் போனது, முழங்கால் வலிக்கிறதே என்று. பிறகு தூக்கத்துக்கும் நேரம் வைத்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. “எல்லாரும் நன்னாப் பாத்துக்கறா பானு. அதான் சொல்லவும் முடியல” என்றார்.

கடைசியாகப் பேசியபோது, “ஒரு தடவை ஸ்ரீரங்கம் வரணும். கேட்டிருக்கேன்” என்றார். என்ன பதில் வந்தது என்று நான் கேட்பதற்குள், “மாத்திரை டைம், ஆன்ட்டி” என்று மகன் அன்பாகப் போனை வாங்கிக்கொண்டார்.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்தக் ‘கேட்டிருக்கேன்’ மட்டும்தான். வேறு யார் வாயிலிருந்து வந்திருந்தாலும் அது சாதாரணச் சொல். கடைசியில் அவர் யாரையும் கேட்காமல்தான் கிளம்பினார். நம் ஊர்ப் பக்கம்தான் வரவில்லை.