தேய்க்க வேண்டாம் என்று சொன்ன பிறகு

மயிலாப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் பொது வார்டில் நான் நர்ஸ். எழுந்து நடக்க முடியாத நோயாளிகளைக் காலையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகிலும் இடுப்பிலும் ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டு அழுத்தித் தேய்த்துவிடுவோம். ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும், படுக்கைப் புண் வராது என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நோயாளிக்கும் அது சுகமாக இருக்கும். யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை.

பக்கவாதம் வந்த ஒரு அம்மாவை எங்கள் வார்டில் சேர்த்தார்கள். தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பம். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அந்த அம்மாவுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் வரவில்லை. துணைக்கு மூத்த மகள் இருந்தாள். நான் தேய்ப்பதை ஒரு தடவை பார்த்துவிட்டு, “நீங்க விடுங்க சிஸ்டர், எங்கம்மாவ நான் பாத்துக்கிடுதேன்” என்று பவுடர் டப்பாவை வாங்கிக்கொண்டாள். கடையில் நடந்த கதைகளையெல்லாம் சொல்லிக்கொண்டே தேய்ப்பாள். அந்த அம்மாவின் கண்கள் மெல்லச் சொருகும். அந்த முகத்தில் நிம்மதியை நான் பார்த்தது அப்போது மட்டும்தான்.

ஒரு காலை விரிப்பு மாற்றும்போது என் கை வால் எலும்பின் மேல் பட்டது. அந்த இடம் மட்டும் சுடச்சுட, கெட்டியாக இருந்தது. பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை.

“அங்கனதான் நல்லா அழுத்தித் தேய்க்கேன் சிஸ்டர்” என்றாள் மகள், நான் பாராட்டுவேன் என்று நினைத்து.

வேலை முடிந்து வேளச்சேரிக்கு ரயிலில் போகும்போது போனில் தேட ஆரம்பித்தேன். படுக்கைப் புண்ணின் முதல் அறிகுறி தோல் சிவப்பது என்று ஒவ்வொரு கட்டுரையும் சொன்னது. படங்களில் இருந்ததெல்லாம் வெள்ளைத் தோல். அந்த அம்மாவின் கறுத்த தோலில் சிவப்பு எங்கே தெரியும்? இன்னும் தேடியபோது, கறுத்த தோலில் சூட்டையும் கெட்டித்தன்மையையும் தொட்டுப் பார்க்கச் சொல்லி ஒரு கட்டுரை கிடைத்தது. காலையில் கையில் பட்ட சூடு நினைவுக்கு வந்தது.

பிறகு தேய்ப்பதைப் பற்றித் தேடினேன். பல கட்டுரைகளில் சுருக்கம் மட்டும் திறந்தது; மீதி, பணம் கட்டினால்தான் என்று பூட்டிக் கிடந்தது. சிகிச்சை வழிகாட்டிகளில் தெளிவாகவே இருந்தது: அழுத்தம் பட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, உள்ளே நலிந்திருக்கும் திசு இன்னும் சேதமாகலாம். அதற்கு அடியில் என்ன ஆராய்ச்சி இருக்கிறது என்று போய்ப் பார்த்தால், கையில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. நம்பகமான சோதனைகள் கிடைக்கவில்லை என்றுதான் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் எழுதியிருந்தார்கள். தேய்க்காதே என்பது பெரும்பாலும் அனுபவசாலிகள் கூடிப் பேசி எடுத்த முடிவு.

கிடைத்ததை அச்செடுத்து மறுநாள் நர்ஸிங் சூப்பரின்டென்டென்ட்டிடம் கொண்டுபோனேன். பொறுமையாகப் படித்தார்.

“தேய்ச்சா கெடுதல்னு நிரூபணம் இருக்கா?”

“உறுதியா இல்ல மேடம். நல்லதுன்னும் இல்ல.”

“அப்புறம் எதை வச்சு மாத்தச் சொல்ற? டாக்டர்ஸ் கேட்டா நான் என்னம்மா சொல்றது?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் என்னைக் குடைந்தது. ஆனால் அந்தச் சூட்டைத் தொட்டது என் கை. நேராக வார்டுக்குப் போய் மகளிடம், “அந்த இடத்துல இனிமே தேய்க்க வேண்டாம்மா. அடிக்கடி திருப்பிப் படுக்கவைப்போம், அது போதும்” என்றேன். ஏன் என்று கேட்டாள். உள்ளே சதை நலிந்திருக்கலாம் என்றேன். அம்மாவின் முதுகிலிருந்து கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

அதற்குள் காலம் கடந்துவிட்டிருந்தது. சில நாட்களில் அந்த இடம் கொப்பளித்துத் திறந்தது.

“நான் தேய்ச்சதாலயா சிஸ்டர்?”

படித்தது அத்தனையும் மனதுக்குள் ஓடியது. எல்லாம் பல பேரைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னவை. இந்த ஒரு அம்மாவுக்கு ஏன் வந்தது என்பதற்கு அதில் பதில் இல்லை.

“அசையாமப் படுத்திருந்தது, சரியாச் சாப்பிடாதது, நாங்க இன்னும் அடிக்கடி திருப்பாம விட்டது, எல்லாமே காரணமா இருக்கலாம். எதுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா.”

“அப்ப நான் தேய்ச்சதும் இருக்கலாம்லா?”

நான் கட்டுத் துணியை மடித்துப் புண்மேல் வைத்தேன்.

அதன்பின் அவள் அம்மாவைத் தொடுவதையே விட்டுவிட்டாள். நாற்காலியில் இரண்டு கைகளையும் மடியில் வைத்தபடி உட்கார்ந்திருப்பாள். கடைக் கதையும் நின்றுபோனது. அந்த அம்மாவின் இடது கை மட்டும் கட்டில் ஓரத்தில் துழாவிக்கொண்டே இருக்கும். தேய்க்காதே என்று சொல்ல அவ்வளவு தேடிப் படித்தேன். சொன்ன பிறகு ஒரு மகளுக்கு என்ன ஆகும் என்று நான் எதிலும் படிக்கவில்லை. ஒரு மதியம் பொறுக்க முடியாமல் அவள் கையை எடுத்து அம்மாவின் கைமேல் வைத்தேன். “பிடிச்சுக்கோங்க. இதுல ஒண்ணும் ஆகாது.” அவள் விரல்களை மடக்கவில்லை. அம்மாதான் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

சூப்பரின்டென்டென்ட் வந்து புண்ணைப் பார்த்தார். பிறகு ஒரு நாள் காலையில் நாங்கள் தள்ளிப்போகும் டிராலியில் ஸ்பிரிட் பாட்டில் இல்லை. திருப்பிப் படுக்கவைக்கும் நேரத்தைக் குறிக்க ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு அட்டை தொங்கியது. என் காகிதங்கள் மாற்றினவா, அந்தப் புண் மாற்றியதா, நான் கேட்கவில்லை.

புண் முழுதாக ஆறும் முன்பே அந்த அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டு மாற்றும் விதத்தை மகள் கவனமாகக் கற்றுக்கொண்டாள். லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது என் பக்கம் திரும்பி, தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “வீட்டுல வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்ச்சு விடலாமா சிஸ்டர்?”

“தலைக்குத் தேயுங்க, அதுல ஒண்ணும் ஆகாது” என்றேன்.

தலையை ஆட்டினாள். என்னை நம்பினாளா என்று தெரியவில்லை.