மச்சான் அடிக்காத டிரம்ஸ்

அறுபத்து மூன்று வயதில் நான் ஒரு பாட்டு வெளியிட்டேன். மூன்றரை நிமிடப் பாட்டு. ஈப்போவில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்வீட்டு அக்காகூட "இந்த வயசுல என்னத்துக்கு அண்ணே இதெல்லாம்?" என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. இருபது வருடம் பெராக் மாநிலம் முழுக்கக் கல்யாணம், கோயில் திருவிழா என்று கீபோர்டு வாசித்துப் பாடிய ஆள்தான் நான். பிறகு பள்ளி வேன் ஓட்டப் போய்விட்டேன். பாரிட் புந்தாரில் ஒரு கல்யாண வீட்டில் எங்களுக்குச் சோறு போட மறந்துவிட்டு, இன்னும் நாலு பாட்டு பாடச் சொன்னார்கள். அந்த மரியாதைதான் எங்களுக்கு எப்போதும்.

பாட்டு வெளியிடும் ஆசை என்னுடையது இல்லை, மச்சானுடையது. பேச்சுக்குச் சொல்லும் மச்சான் இல்லை. என் தங்கையைக் கட்டியவன். அதற்கு முன்பே எங்கள் குழுவின் டிரம்மர். பத்து காஜா பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். மூன்று வருடமாக அவனுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரம் மூன்று நாள் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அதே வேனில் அவனை டயாலிசிஸ் மையத்துக்குக் கூட்டிப்போவேன். அப்படிப் போகும்போதுதான் ஒருநாள் சொன்னான்.

"மச்சான், காலம் பூரா அடுத்தவன் பாட்டையே வாசிச்சிட்டோம். நம்ம பேருல ஒண்ணாச்சும் விட்டுட்டுப் போலாம்லா."

'விட்டுட்டுப் போலாம்' என்று அவன் சொன்ன விதத்தில் எனக்கு மறுக்க மனம் வரவில்லை. பழைய மெட்டு ஒன்று என்னிடம் கிடந்தது.

டயர் கடைக்கு மேல்மாடியில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தாள். அங்கேதான் பதிவு செய்தோம். மச்சானுக்கு டயாலிசிஸ் ஊசி குத்துவது இடக்கையில். அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது, ரொம்ப நேரம் வேலை செய்யக்கூடாது. டிரம்ஸில் ஸ்நேர் என்கிற நடுக்கொட்டை அடிப்பதும் அந்தக் கைதான். இரண்டு மணி நேரம் விட்டுவிட்டு அடித்தான். சட்டை நனைந்துவிட்டது. முடித்துவிட்டு, எப்படி என்று கண்ணாலேயே கேட்டான். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

மறுநாள் அந்தப் பெண் கூப்பிட்டாள். "அங்கிள், டிரம்ஸ்ல தாளம் ரொம்ப ஆடுது. நான் கம்ப்யூட்டர்ல போட்டுடவா? யாருக்கும் தெரியாது லா."

"சரிம்மா."

"அந்த அங்கிள்கிட்ட நீங்க சொல்லிருங்க."

சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லவில்லை. வேனில் ஏறட்டும், சொல்லலாம் என்று இருப்பேன். அவன் மூச்சு வாங்கிக்கொண்டு உட்காரும்போது வாய் வராது. திரும்பி வரும்போது சொல்லலாம் என்று இருப்பேன். துவைத்துப் போட்ட துணியாக வருபவனிடம் என்னத்தைச் சொல்வது? அதற்குப் பதிலாகப் பாட்டின் விவரத்தில், டிரம்ஸ் என்பதற்கு நேராக அவன் பெயரைப் போட வைத்தேன். அவனுக்கு நல்லது செய்வதாக எனக்கு நினைப்பு. உண்மையில் பயந்தாங்கொள்ளித்தனம்.

பாட்டு வெளிவந்தது. எல்லா வாட்ஸ்அப் புலனக் குழுக்களிலும் அனுப்பினேன். கும்பிடும் கைகள், பூங்கொத்துகள், 'வாழ்த்துகள் அண்ணே.' அனுப்பிய அரை நிமிடத்தில் வாழ்த்து வந்தால், மூன்றரை நிமிடப் பாட்டை எப்போதுதான் கேட்டார்கள்? பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடை முதலாளி மட்டும் முழுசாகக் கேட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைத் தொலைக்காட்சியில் போட்டார். பாதியில் யாரோ பந்து விளையாட்டுக்கு மாற்றச் சொன்னார்கள்.

வானொலியில் ஒரு பேட்டி கிடைத்தது, நேரலை. பாட்டைப் போட்டு முடித்ததும் அறிவிப்பாளர், "டிரம்ஸ் சும்மா தெறிக்குது சார், யாரு அடிச்சது?" என்று கேட்டார். மச்சான் பெயரைச் சொன்னேன். அவன் அப்போது மையத்தில் படுத்திருந்தான். பக்கத்துக் கட்டில்காரர், தாதி எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்க வைத்து, "நான் அடிச்சதுதான்" என்று சொன்னானாம். தங்கை சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்து வந்தது எங்கள் தோட்டத்து ஒன்றுகூடல். தோட்டம் இப்போது இல்லை. பாதி செம்பனை, மீதி வீடமைப்பு. பீடோர், ஈப்போ என்று சிதறிப்போனவர்கள் ஒரு ஞாயிறு மதியம் பத்து காஜாவில் மண்டபம் எடுத்துக் கூடினார்கள். புதுப் பாட்டைப் பாடச் சொன்னார்கள். மச்சான் துள்ளிவிட்டான்.

"நான் வாரேன். டிரம்ஸ் செட்டு போடச் சொல்லு. நீ டிரம்ஸ் இல்லாத மைனஸ் கொண்டா."

பாடுபவர் குரலை எடுத்துவிட்டு இசையை மட்டும் ஓடவிடுவதற்குத்தான் மைனஸ் என்போம். டிரம்ஸும் இல்லாததைக் கொண்டுவந்திருப்பதாக அவனிடம் சொன்னேன். கொண்டுபோனதோ டிரம்ஸ் உள்ளதை. கை ஓய்ந்துவிட்டால் பிறந்த தோட்டத்து ஆட்கள் முன்னால் அசிங்கப்பட்டுப்போவானே என்ற பயம். அவன் செட்டுக்கு மைக் வைக்க வேண்டாம் என்று ஒலிபெருக்கிக்காரரிடமும் ரகசியமாகச் சொல்லிவைத்தேன்.

முதல் அடி விழுந்ததுமே, மைனஸில் டிரம்ஸ் இருப்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். நான் திரும்பிப் பார்க்காமல் பாடினேன். இரண்டாவது சரணத்தில் பின்னால் சத்தம் குறைந்ததுபோல் இருக்க, திரும்பினேன். குச்சிகள் அவன் மடியில் கிடந்தன. இடக்கையை வலக்கையால் பிடித்திருந்தான். ஒலிபெருக்கியில் டிரம்ஸ் மட்டும் ஓர் அடி பிசகாமல் போய்க்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் ஒரு வரியை விட்டுவிட்டேன்.

மச்சான் என்னைப் பார்த்தான். பிறகு குச்சிகளை எடுத்தான். ஒன்றை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்து, வேண்டுமென்றே வேடிக்கை காட்டியவன் போலச் சிரித்துக்கொண்டு, அந்த இயந்திரத்தின் அடியோடு அடி சேர்த்து முடிவுவரை அடித்தான். மண்டபம் கைதட்டியது. என் மானத்தைக் காப்பாற்றிவிட்டான். அந்தக் கை என்ன வலி வலித்திருக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

வீடு திரும்பும்போது வேனில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். கம்பார் சாலையில் திரும்பும்போது நான்தான் கேட்டேன்.

"எப்ப தெரியும் மச்சான்?"

"பாட்டு வந்த அன்னைக்கே. என் கை எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் நீதான் அடிச்சேன்னு எல்லார்கிட்டயும் சொன்ன?"

"நீ ரேடியோவுல சொல்லிட்டியே. நான் இல்லேன்னு சொன்னா, நீ பொய் சொன்னவனா ஆயிடுவல்ல."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்லா."

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

மன்னித்துவிடு என்றேன். வெயில் முகத்தில் அடிக்கிறது என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

மறுநாள் திங்கள், டயாலிசிஸ் நாள். பிள்ளைகளை இறக்கிவிட்டு, வழக்கம்போல அவன் வீட்டு வாசலில் வேனை நிறுத்தி ஹாரன் அடித்தேன். தங்கை ஈரக்கையோடு வெளியே வந்தாள்.

"அவரு அப்பவே டாக்சி எடுத்துப் போய்ட்டாரே அண்ணே. உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னான்மா," என்றேன். "நான்தான் மறந்துட்டேன்."